மூன்று எண்ணியவன் நான்

எங்கள் ஒழுங்கையில் சென்ற மாதம் வீடியோப் பெட்டி ஒன்றை வாடகைக்கு எடுத்துவந்து வெளிநாட்டு மல்யுத்தம் போட்டார்கள். விளையாட்டுக் கழகத்துப் பிள்ளைகள் என்னையும் கூட்டிக்கொண்டு போய் முன்வரிசைக் கதிரையில் இருத்தினார்கள். மஞ்சள் தலைமயிர்க்காரன் ஒருவன் கயிற்றில் ஏறிப் பாய்ந்தான். கீழே மலைபோல ஒருவன் கிடந்தான். பிள்ளைகள் கைதட்டினார்கள். நான் பாய்ந்தவனைப் பார்க்கவில்லை. கீழே கிடந்தவனின் கைகள் எங்கே இருக்கின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"றெபரியர், இது மெய்யோ நடிப்போ?" என்று கழகச் செயலாளர் கேட்டார்.

"ரெண்டும்தான் தம்பி" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். கழகத்தின் ஆண்டு மலருக்கு அந்தக் காலத்துக் குஸ்தியைப் பற்றி ஏதாவது எழுதித் தரவேண்டும், சிரிக்கக்கூடிய பகிடியாக இருந்தால் நல்லது என்றார்கள். ஓம் என்று சொல்லிவிட்டு வந்தேன். பகிடியாகத்தான் எழுத இருந்தேன். ஆனால் பேனையை எடுத்தால் ஒரு பின்னேரம்தான் வந்து நிற்கிறது. அதைத் தள்ளிவைத்துவிட்டு மற்றதை எழுத என்னால் ஏலவில்லை. இதை மலரில் போடுவதும் விடுவதும் அவர்கள் விருப்பம். சம்பந்தப்பட்ட மல்லர் இருவரும் இப்போது உயிரோடு இல்லை. பெயர்களை மாற்றியிருக்கிறேன். வேறு எதையும் மாற்றவில்லை.

வெள்ளைக்காரக் கடற்படை இருந்த காலத்தில் நான் துறைமுகத்தில் ஆட்களின் வரவு எழுதும் கிளாக்கராக இருந்தேன். மாலுமிகளின் குத்துச்சண்டைப் போட்டிக்கு மணி அடிக்க ஒரு ஆள் தேவைப்பட்டது. மணி அடிக்கப் போனவன் இரண்டு மூன்று வருடத்தில் மேடைக்குள் ஏறி நடுவராகி, றெபரி என்ற பெயரும் வாங்கிவிட்டேன். அங்கேதான் லோரன்ஸ் மாஸ்டரைச் சந்தித்தேன். வெள்ளைக்கார வழி வந்த பறங்கியர். மாலுமிகளுக்கு உடற்பயிற்சி பழக்கியவர். கடற்படை துறைமுகத்தைக் கையளித்துவிட்டுப் போனபோது எங்கள் இருவருக்கும் வேலை போயிற்று. நான் வீட்டில் இருந்து யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் யோசிக்கவில்லை. மரப்பலகையும் வடக்கயிறும் வாங்கி ஒரு மல்யுத்தக் கம்பனி தொடங்கிவிட்டு என்னைக் கூப்பிட ஆள் அனுப்பினார். அதற்குப் பிறகு திருகோணமலை, மட்டக்களப்பு, கல்முனை, வவுனியா என்று காணிவல் களியாட்டம் நடக்கும் ஊரெல்லாம் திரிந்தோம்.

மாஸ்டர் மெலிந்த, உயர்ந்த மனிதர். எப்போதும் வெள்ளைக் காற்சட்டை. வாயில் ஒரு ஏலக்காய். அவர் சத்தம் போட்டு நான் ஒருநாளும் கேட்டதில்லை. கோபம் வந்தால் அவருடைய குரல் இன்னும் இறங்கும். நாங்கள் குனிந்து காது கொடுக்க வேண்டியிருக்கும். எல்லோரையும் 'மகன்' என்பார். தன்னைவிட மூத்த மேடைத் தச்சரையும் மகன் என்றுதான் கூப்பிடுவார்.

யாரோடு யாரை மோதவிடுவது என்பதில் அவருக்கு இருந்த கண் வேறு ஒருவருக்கும் வராது.

"ரெண்டு பேரும் ஒரே மாதிரிச் சண்டை பிடிச்சா சனம் கொட்டாவி விடும், மகன்" என்பார். "ஒருத்தன் தரையில, மற்றவன் ஆகாயத்தில. ஒருத்தன் இழுத்துக் கீழ போடப் பாக்கவேணும், மற்றவன் நழுவி மேல போகப் பாக்கவேணும். அப்பதான் சனம் மூச்சைப் பிடிச்சுக்கொண்டு இருக்கும்."

தரைக்கு அவர் பிடித்தது கரீமை. கரீம் கிண்ணியாக்காரர், துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். இந்தியாவிலிருந்து வந்து சில காலம் இங்கே தங்கிய ஒரு பயில்வானிடம் மண் குஸ்தி பழகியவர். கழுத்தும் தோளும் ஒன்றாக இருக்கும். நிதானமாக நடப்பார். எதிராளியின் மணிக்கட்டை ஒருமுறை பிடித்துவிட்டால் அவசரமே படமாட்டார். கையை மடக்கி, முழங்காலை முதுகில் வைத்து, மெதுவாகப் பாரத்தை இறக்குவார். பார்க்கிற சனத்துக்கே மூச்சு முட்டும்.

ஆகாயத்துக்குச் சின்னராசா. சல்லிக் கிராமம், கரைவலை இழுத்த உடம்பு. கரீமின் பாதி நிறை இருந்தால் அதிகம். கயிற்றில் முதுகை விட்டு எழும்பி வந்தால் அவருடைய கால் நிலத்தில் பட்டதா இல்லையா என்று சொல்ல முடியாது. போட்டியின் முடிவில் மூலைத் தூணில் மூன்று கயிறும் ஏறி, மேல் கயிற்றில் நின்று, கையை விரித்துப் பாய்வார். கரீம் மல்லாந்து விழுவார். முதுகு நிலத்தில் கிடக்க நான் மூன்று எண்ணினால் கிடந்தவர் தோற்றவர்; வென்றவரின் இடுப்பில் மாஸ்டர் பெல்ட்டைக் கட்டுவார். முற்றவெளி மைதானமே அதிரும்.

முடிவு முன்கூட்டியே பேசப்பட்டதுதான். இதை எழுதும்போது என் கை இன்னும் கூசுகிறது. ஏனென்றால் மாஸ்டரின் முதல் விதி அதுதான்: உள்ளே பேசுவது வெளியே போகக்கூடாது, பெண்சாதிக்கும் சொல்லக்கூடாது. நல்லவனாக வருகிறவனும் கெட்டவனாக வருகிறவனும் ஒரே பஸ்ஸில் ஏறக்கூடாது, ஒரே கடையில் தேத்தண்ணி குடிக்கக்கூடாது. கெட்டவனாக வரும் கரீம் கடைத்தெருவில் சிரிக்கக்கூடாது.

ஆனால் முடிவு பேசப்பட்டதே தவிர, விழுவது பேச்சல்ல. பலகையும் தும்பு மெத்தையும் அதற்கு மேல் இழுத்துக் கட்டிய படங்குத் துணியும்தான் மேடை. பத்தடி உயரத்திலிருந்து ஒரு மனிதன் வருகிறான். அவனைக் கீழே வாங்கிப் பிடிக்கிறவனுக்கு வேலை தெரிந்திருக்க வேண்டும்.

காலையில் ஆள் நடமாட்டம் தொடங்குமுன் உப்புவெளிக் கடற்கரை மணலில் இருவரும் பழகுவார்கள். நானும் போவேன். ஒருநாள் சின்னராசாவின் பாய்ச்சலை நான் புகழ்ந்தேன். கரீம் மணலைத் தட்டிக்கொண்டு எழும்பினார்.

"பாய்ச்சல் அவருட இல்ல அண்ணன், என்னுட. அவரு கையை விட்டாப் போதும். நான்தான் பிடிக்கணும்" என்றார்.

"அது உண்மைதான் அண்ணை" என்றார், கரீமை 'நானா' என்று அண்ணன் முறையில் கூப்பிடும் சின்னராசா. "நானா கீழ இருந்தா நான் கண்ணை மூடிக்கொண்டு பாய்வன்."

எப்படிப் பிடிக்கிறார் என்று பலநாள் கவனித்த பிறகுதான் எனக்கு விளங்கியது. சின்னராசா நெஞ்சில் வந்து விழுவதுபோல இருக்கும். அதற்கு ஒரு கணம் முன்பே கரீமின் இரண்டு கைகளும் அவருடைய விலாவுக்குக் கீழே போயிருக்கும். பாரத்தை முழுவதும் தன் உள்ளங்கையிலும் முழங்கையிலும் வாங்கி, தன் உடம்பை அடியில் மெத்தையாகப் போட்டுவிடுவார். சனத்தின் கண்ணுக்கு அவர் அடிபட்டு விழுந்த முரடன். பழகி முடிந்ததும் கரீமின் மனைவி கட்டிக் கொடுத்த றொட்டியையும் சின்னராசா கொண்டுவந்த மீன் குழம்பையும் ஒரே வாழையிலையில் வைத்துச் சாப்பிடுவார்கள். பிறகு ஒருவர் வடக்கே, ஒருவர் தெற்கே. மாஸ்டரின் விதி.

கல்முனையில் ஒரு வயதான அம்மா மேடையோரம் வந்து குடைக் காம்பால் கரீமின் காதில் அடித்துவிட்டார். இரத்தம் வந்தது. உடை மாற்றும் கொட்டிலில் நான் பஞ்சு வைத்துத் துடைத்தபோது, "இண்டைக்கு நல்லாச் செஞ்சிருக்கன் போல" என்று சொல்லி அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அந்தக் கெட்ட பெயர் மேடையோடு நின்றுவிடும் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம்.

றெபரியின் வேலையைச் சொல்லவேண்டும். போட்டிக்கு ஒரு மணித்தியாலம் முன்பு நான் தனியாக மேடையில் ஏறுவேன். குதிக்காலால் பலகைகளை ஒவ்வொன்றாகத் தட்டுவேன். சத்தம் மாறினால் ஆணி கழன்றிருக்கிறது என்று அர்த்தம். நாலு பக்கக் கயிற்றிலும் முழுப் பாரத்தையும் சாய்த்துப் பார்ப்பேன். கயிற்றுக்குச் சுற்றியிருக்கும் சீலையைக் கையால் தடவுவேன். பிறகு மல்லர்களின் நகம், மோதிரம், உடம்பில் எண்ணெய். போட்டி நடக்கும்போது அவர்களை அதட்டுவதுபோல் குனிந்து, அடுத்து என்ன என்பதைக் காதில் சொல்வேன். விழுந்தவனின் கையைப் பிடித்து ஒருமுறை அழுத்துவேன். அவன் திருப்பி அழுத்தினால் சுகம்.

போட்டியை நிறுத்தும் அதிகாரம் எனக்கு மட்டுமே இருந்தது. இரண்டு கையையும் தலைக்கு மேலே குறுக்காகத் தூக்கினால் போட்டி நின்றுவிடும், மாஸ்டர்கூட அதை மறுத்துப் பேசக்கூடாது. அந்த விதியை எழுதியவரே மாஸ்டர்தான்.

அன்றைக்கு முற்றவெளியில் போட்டி. மாரி தொடங்கும் காலம். மத்தியானம் ஒரு மழை அடித்து ஓய்ந்திருந்தது. பின்னேரம் ஐந்து மணிக்குப் போட்டி. நாலு மணிக்கே கதிரைகள் நிறைந்துவிட்டன. கடற்பக்கமாக ஒரு வெளிநாட்டுக் கப்பல் நின்றது. அதன் மாலுமிகள் முன்வரிசையில் இருந்தார்கள். நான் மேடையில் ஏறித் தட்டிப் பார்த்தேன். பலகை சரி. கிழக்கு மூலையில் படங்கு ஊறியிருந்தது. அந்த மூலைக் கயிற்றைத் தடவினேன். சீலையிலிருந்து தண்ணீர் விரலில் வழிந்தது.

மாஸ்டரிடம் போனேன்.

"மாஸ்டர், கிழக்கு மூலை சரியான ஈரம். கயிற்றுச் சீலையை மாத்திக் கட்டவேணும். அரை மணித்தியாலம் தாங்கோ."

ஏலக்காயை ஒரு கன்னத்திலிருந்து மற்றக் கன்னத்துக்கு மாற்றினார். "சனம் இருந்திட்டுது, மகன்."

"அப்ப பாய்ச்சலையாவது இண்டைக்கு விடச் சொல்லட்டோ?"

"பாய்ச்சலைப் பாக்கத்தானே வந்திருக்கினம்." குரல் நன்றாக இறங்கிவிட்டது. "சாக்கால துடையுங்கோ."

நான் சாக்கை எடுத்துத் துடைத்தேன். துடைத்த இடம் திரும்பவும் ஊறியது. உடை மாற்றும் கொட்டிலில் கரீமிடம் சொன்னேன்.

"மேற்கு மூலையால பாயச் சொல்லுங்க அண்ணன். நான் அந்தப் பக்கமா விழுறன்" என்றார். சின்னராசாவிடமும் சொன்னேன். தலையாட்டினார். அவர் கால் விரல்களுக்குச் சீலை சுற்றிக்கொண்டிருந்தார். மனம் ஏற்கெனவே மேடைக்குப் போயிருந்தது.

போட்டி நன்றாகத்தான் போனது. கரீம் பிடித்துப் பிடித்து அமத்தினார். சின்னராசா நழுவி நழுவி வந்தார். முடிவு நெருங்கும் நேரம் கரீம் மேற்குப் பக்கமாக விழவேண்டும். ஆனால் சின்னராசா கயிற்றிலிருந்து வந்து மோதிய வேகத்தில் அவர் ஈரப் படங்கில் சறுக்கி, கிழக்குப் பக்கமாகப் போய்விட்டார். சனம் எழும்பிக் கத்தியது. அந்தச் சத்தம் கேட்டால் சின்னராசாவுக்கு வேறு ஒன்றும் கேட்காது. அருகில் இருந்த மூலையில் காலை வைத்தார். கிழக்கு மூலை.

மூன்று கயிறு. ஒவ்வொன்றாக ஏறினார். எனக்கு நேரம் இருந்தது. கையைத் தூக்கியிருக்கலாம். கரீம் கீழேயிருந்து என்னைத்தான் பார்த்தார். நான் மாஸ்டரைப் பார்த்தேன்.

மேல் கயிற்றில் அவருடைய வலக்கால் வழுக்கியது. பாய்ச்சலாக இல்லை, விழுந்தார். தலை கீழே வந்தது. கரீம் முழங்காலில் எழும்பி முன்னுக்குப் பாய்ந்தார். அவ்வளவு பெரிய உடம்பு அவ்வளவு விரைவாக அசைந்ததை அதற்கு முன் நான் கண்டதில்லை. இடுப்பு மட்டும்தான் அவருடைய கைக்கு எட்டியது.

எலும்பு முறிந்த சத்தம் எனக்கும் கரீமுக்கும் மட்டும்தான் கேட்டிருக்கும்.

கரீம் அவருக்கு மேலே குறுக்காகப் படுத்துவிட்டார். சனத்துக்கு அது அமுக்கிப் பிடித்ததுபோல் தெரிந்தது. கிட்டப் போன எனக்குத்தான் தெரிந்தது: தன் பாரம் முழுவதையும் முழங்கையில் ஊன்றிக்கொண்டு, இரண்டு உள்ளங்கையாலும் சின்னராசாவின் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தார். நான் சின்னராசாவின் கையைப் பிடித்து அழுத்தினேன். ஒன்றும் வரவில்லை. மறுபடி அழுத்தினேன்.

"கழுத்து, அண்ணன்" என்றார் கரீம். "அசைக்காதீங்க. நிப்பாட்டுங்க. கையைத் தூக்குங்க."

நான் தலையை உயர்த்தினேன். மேடையோரம் மாஸ்டர் நின்றார். நெஞ்சோடு ஒட்டி மூன்று விரலைக் காட்டினார். எண்ணு, முடித்துவை என்பது அதன் பொருள்.

ஆறு வருடம் அவர் சொன்னதைச் செய்த கை. மேடையில் உள்ளங்கையால் தட்டினேன். ஒன்று. கரீம் என்னை நிமிர்ந்து பார்த்தார். இரண்டு. "அண்ணன்" என்றார். மூன்று.

மணி அடித்தது. கரீம் வென்றார்.

நான் கையைக் குறுக்காகத் தூக்கியிருந்தால் அது ஒரு விபத்து. எல்லோரும் வாயில் கைவைத்துக்கொண்டு ஓடி வந்திருப்பார்கள். நான் எண்ணியதால் அது ஒரு வெற்றி. கரீம் சின்னராசாவின் கழுத்தை முறித்துவிட்டு அதற்கு மேலே படுத்து வென்றான் என்று இரண்டாயிரம் கண்கள் கண்டன. கதிரைகள் பறந்து வந்தன. சோடாப் போத்தல்கள் வந்தன. கரீம் எழும்பவில்லை. முதுகை வளைத்துச் சின்னராசாவின் முகத்தை மூடிக்கொண்டார். விழுந்ததெல்லாம் அவருடைய முதுகில் விழுந்தது. "இன்னும் விடுறானில்லை, இன்னும் விடுறானில்லை" என்று சனம் கத்தியது. பொலிஸ் வந்துதான் அவரை இழுத்து எடுத்தது.

சின்னராசா ஆஸ்பத்திரியில் பதினொரு நாள் இருந்தார். கழுத்துக்குக் கீழே ஒன்றும் இல்லை. பேச்சு மட்டும் மெல்லியதாக இருந்தது. இரண்டாம் நாள் கரீம் பார்க்க வந்தார். வாசலில் சின்னராசாவின் மனைவி பூமணியின் அண்ணன்மார் மூன்று பேர் நின்றார்கள். கரீமைக் கண்டதும் பாய்ந்தார்கள். மூன்று பேரையும் ஒரு கையால் தூக்கி வைக்கக்கூடியவர் அவர். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு நின்றார். அடித்துக் களைக்கும்வரை நின்றார். பிறகு துறையடிப் பக்கமாக நடந்து போய்விட்டார். நான் பத்துக் கஜத் தூரத்தில் நின்றேன். "விடுங்கோ, அவர் ஒண்டும் செய்யேல்லை" என்று சொல்லியிருக்க வேண்டும்.

ஆறாம் நாள் சின்னராசா என்னோடு தனியாகக் கதைக்க வேண்டும் என்றார். பூமணி வெளியே போனார்.

"நானா வந்தவரோ?"

"ஓம். வந்தவர்."

"அவரிலை பிழையில்லை எண்டு சொல்லுங்கோ. என்ர கால்தான் வழுக்கினது." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "அண்ணை, பூமணி அந்தப் பெல்ட்டைச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில வைச்சு விளக்குக் கொளுத்துறவள். ஊர்ச் சனத்துக்கும் அதுதான் பெருமை. எல்லாம் பேசி வைச்சுச் செய்த கதையெண்டு அவளுக்குச் சொல்லிப்போடாதேங்கோ."

"இல்லை, சொல்ல மாட்டன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

கரீமில் பிழையில்லை என்று சொல்ல வேண்டுமானால் போட்டி எப்படி நடப்பது என்று சொல்லியாக வேண்டும். இரண்டையும் சேர்த்துச் செய்ய வழியில்லை. அது அவருக்கு விளங்கவில்லை, அல்லது விளங்கிக்கொள்ளும் நிலையில் அவர் இல்லை. எனக்கு விளங்கியது. நான் சத்தியம் செய்தேன்.

சின்னராசா இறந்த பிறகு மரண விசாரணை நடந்தது. மேடையின் நிலை என்ன என்று கேட்டார்கள். நல்ல நிலையில் இருந்தது என்றேன். கரீம் விதியை மீறினாரா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். போட்டியில் நேர்ந்த மரணம் என்று முடிந்தது. வழக்கு ஒன்றும் வரவில்லை. ஆனால் விசாரணைத் தாளை ஊரில் யார் வாசித்தார்கள்? முற்றவெளியில் கண்டதைத்தான் வாய்க்கு வாய் சொன்னார்கள். லோரன்ஸ் மாஸ்டர் அடுத்த வருடம் குடும்பத்தோடு அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். புறப்படுமுன் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்தப் பின்னேரத்தைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை.

கிண்ணியாவில் கரீமிடம் போய்ச் சின்னராசா கேட்டதைச் சொன்னேன். அவர் வீட்டு முற்றத்தில் விறகு பிளந்துகொண்டிருந்தார். கோடரியை வைத்துவிட்டுக் கேட்டார்.

"அவரு அப்படியா கேட்டாரு?"

"ஓம்."

"அப்ப சரி. நான்தான் அவரக் கொலை செஞ்சன் எண்டு இரிக்கட்டும்." திரும்பவும் கோடரியை எடுத்தார். "நீங்க ஏன் அண்ணன் எண்ணினீங்க?"

நான் பிளந்த விறகைப் பொறுக்கி அடுக்கினேன். அவர் இரண்டாம் முறை கேட்கவும் இல்லை.

அதற்குப் பிறகு மல்யுத்தம் எனக்கு இல்லை. கூட்டுறவுக் கடை ஒன்றில் வேலை கிடைத்தது. பதினைந்து வருடம் போயிற்று. கரீம் மேடை ஏறவில்லை. விறகு வெட்டினார், வயல் கூலிக்குப் போனார். திருகோணமலைக்கு வருவதேயில்லை. கிண்ணியாத் துறையில் ஆட்களை ஏற்றிக் கரை கடக்கும் மிதவைப் பாதையில் அவர் ஏறினால், "அந்தா, கழுத்து முறிச்சவன்" என்று புதிதாக வந்தவர்களுக்குக் காட்டுவார்களாம். அவர் கடற்பக்கம் திரும்பி நிற்பாராம். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டு கடையில் அரிசி நிறுத்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் கிண்ணியாவிலிருந்து வந்த ஒருவர் கடையில் பேச்சுவாக்கில் சொன்னார், கரீமின் மகளுக்குப் பேசி வந்த கலியாணம் நின்றுவிட்டது என்று. ஆள் கொன்றவன் வீட்டில் சம்பந்தம் வேண்டாம் என்று மாப்பிள்ளையின் பெரியப்பா சொன்னாராம். கரீம் எதிர்த்து ஒரு சொல்லும் சொல்லாமல் எழும்பி உள்ளே போய்விட்டாராம்.

அடுத்த நாள் காலையில் நான் பஸ் எடுத்துச் சல்லிக்குப் போனேன்.

பூமணி கடற்கரையில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. என்னை அடையாளம் கண்டு, வீட்டுக்குக் கூட்டிப் போய் ஒரு வாங்கில் இருக்கச் சொன்னார். உள்ளே சாமிப் படத்துக்குப் பக்கத்தில் அந்தப் பெல்ட் இருந்தது. அதைக் கண்டதும் திரும்பிப் போய்விடலாமா என்று இருந்தது. ஆனால் சொன்னேன். ஈரக் கயிற்றைச் சொன்னேன். சாக்கைச் சொன்னேன். கரீம் தலையைப் பிடித்துக்கொண்டிருந்ததை, மூன்று எண்ணியதை, விசாரணையில் நான் சொன்ன பொய்யை, எல்லாவற்றையும் சொன்னேன். முடிவுகள் பேசி வைக்கப்பட்டவை என்பதையும் சொன்னேன். சத்தியம் செய்ததையும், அதை இப்போது உடைக்கிறேன் என்பதையும் சொன்னேன்.

பூமணி அழவில்லை. சீலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டும் கழற்றிக்கொண்டும் இருந்தார்.

"நான் அந்த மனுசனை வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமையாக் கோயிலில நிண்டு சபிச்சனான்" என்றார். எழும்பி நின்று, "என்னைக் கிண்ணியாவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ" என்றார்.

அன்றைக்கே போனோம். கரீமின் வீட்டு வாசலில் நாங்கள் இறங்கியபோது அயல் வீட்டு வேலிகளில் தலைகள் தெரிந்தன. பூமணி யார் என்று எப்படியோ தெரிந்துவிட்டது. கரீம் வெளியே வந்தார். மெலிந்திருந்தார், தோள் மட்டும் பழைய அகலம். பூமணியைக் கண்டதும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். அடிக்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தாரோ தெரியாது.

உள்ளே இருத்தினார். அவருடைய மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவடியில் நின்றார்.

"நானா, இவர் எல்லாம் சொன்னவர்" என்றார் பூமணி. "அது பேசி வைச்ச சண்டையாம். நீங்கள் அவரைப் பிடிக்கத்தான் பாத்தனீங்களாம். பிழை உங்களிலை இல்லையாம். மெய்யோ?"

கரீம் என்னைப் பார்த்தார். கோபமாக அல்ல. பிறகு பூமணி பக்கம் திரும்பினார்.

"இல்ல தங்கச்சி" என்றார். "அண்ணன் நல்ல மனுசன். உங்களுக்கு ஆறுதலா இரிக்கட்டும் எண்டு சொல்லியிருக்காரு. அப்படி ஒண்டும் இல்ல. அவரு என்னை வெண்டதெல்லாம் மெய். ஒவ்வொரு தரமும் மெய். ஒரு நாள்தான் நான் வெண்டன். அண்டைக்கு எண்ட பிடி பிழைச்சுப்போச்சு."

"கரீம்..." என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பவில்லை.

பூமணி, முழங்காலில் வைத்திருந்த கரீமின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்:

"அவர் நல்லாப் பாய்வாரோ, நானா?"

"குருவி மாதிரி, தங்கச்சி. நான் என்ன செஞ்சும் அவரைப் பிடிக்க ஏலாது."

பூமணியின் கண் அப்போதுதான் கலங்கியது. எழும்பி, வாசலுக்கு வந்து, முற்றத்தில் இறங்கி நின்றார். கரீமும் பின்னால் வந்தார். வேலிக்கு அப்பால் இருந்தவர்களுக்கும் கேட்கும்படியாகப் பூமணி சொன்னார்:

"நானா, சின்னராசாவின்ர பெண்சாதி நான் சொல்லுறன். நான் உங்களை மன்னிச்சிட்டன். என்ர அண்ணன்மார் உங்களுக்கு அடிச்சதுக்கு நீங்களும் எங்களை மன்னிச்சுக்கொள்ளுங்கோ. இனி இதைப் பற்றி ஒருத்தரும் கதைக்கத் தேவையில்லை."

செய்யாத பிழைக்குக் கிடைத்த மன்னிப்பை அந்த மனிதர் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார். "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். அவருடைய தோள் குலுங்கியது. கதவடியில் நின்ற மனைவி ஓடி வந்து பூமணியின் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பெண்களும் அப்படியே நின்று அழுதார்கள். நான் படலைக்கு வெளியே போய் நின்றேன்.

திரும்பி வரும்போது மிதவைப் பாதையில் பூமணியும் நானும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். நடுத் தண்ணீருக்கு வந்த பிறகு கேட்டார்:

"நீங்கள் சொன்னதுதானே மெய்?"

"ஓம்."

"அந்த மனுசன் பொய் சொல்லுறார் எண்டு அங்கயே தெரிஞ்சுது. என்ர புருசனுக்காகச் சொன்ன பொய். அதை நான் என்னெண்டு உடைக்கிறது?" தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஆனா நீங்கள் பதினைஞ்சு வருஷம் எங்க இருந்தனீங்கள்?"

திருகோணமலையில்தான் இருந்தேன். சல்லிக்குப் போக அரை மணித்தியாலம். அதைச் சொல்ல முடியுமா?

பாதை கரையில் முட்டியது. இறங்குமுன் பூமணி ஒருமுறை என் முகத்தைப் பார்த்தார்.

"இனிச் சல்லிப் பக்கம் வராதேங்கோ" என்றார்.

பஸ்ஸில் அவர் முன்பக்கம் பெண்களோடு போய் இருந்தார். நான் பின்னால் நின்றேன். இறங்கும்போது திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த வருடம் கரீமின் மகளுக்கு மூதூர் மாப்பிள்ளை ஒருவரோடு கலியாணம் சரிவந்தது. பூமணி ஒரு பெட்டி நிறையக் கருவாடும் ஒரு சேலையும் கொண்டுபோய், இரண்டு நாள் அந்த வீட்டில் நின்று வேலை செய்ததாகக் கேள்விப்பட்டேன். எனக்கும் அழைப்பு வந்திருந்தது. கரீமே தன் கையால் பெயர் எழுதி அனுப்பியிருந்தார். கலியாணத்தன்று வேட்டி சட்டை உடுத்து, துறையடிவரை போனேன். பாதை இக்கரைக்கு வந்தது, ஆட்களை ஏற்றிக்கொண்டு போயிற்று. நான் ஏறவில்லை. அங்கே பூமணி இருப்பார்.